பறவை காணும் நிறம்



வானவில்லின் நிறங்கள் ஏழென்றும், அவை ஊதாவோடு முடிகின்றனவென்றும் சிறு வயதிற் கற்றோம். முடிவது நமது பார்வையேயன்றி ஒளியன்று. ஏறக்குறைய 400 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுடைய ஊதாக்கடந்த ஒளி ஞாயிற்றிடமிருந்து நாடோறும் நம்மீது விழுகின்றது. நமது கண்வில்லை அதனைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதால் நாம் அதனைக் காண்பதில்லை.

பறவைகளின் நிலை வேறு. நிறமறியும் கூம்புக் கலங்கள் நமக்கு மூவகை. பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு வகை. நான்காவது வகை ஊதாவையோ அதற்கப்பாலுள்ள ஒளியையோ உணர்கின்றது. ஐரோப்பாவில் நீலநிற உச்சியையுடைய சிறு குருவியொன்று உண்டு. அதன் ஆணும் பெண்ணும் நமக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆணின் உச்சி ஊதாக்கடந்த ஒளியை மிகுதியாகத் தெறிக்கச் செய்கின்றதென 1998 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நாம் காணாத வேற்றுமையைக் குருவி காண்கின்றது.

இவ்வறிவினாற் பயன் யாது? கட்டடங்களின் கண்ணாடியில் மரமும் வானும் தோன்ற, பறவைகள் அவற்றை மெய்யென எண்ணி மோதி மடிகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் 36½ கோடி முதல் ஏறத்தாழ 99 கோடி வரையான பறவைகள் இவ்வாறு இறப்பதாக 2014 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே ஊதாக்கடந்த ஒளியைத் தெறிக்கும் கோலங்களைப் பதித்த கண்ணாடிகள் ஆக்கப்பட்டுள்ளன. நமக்கு அவை ஏறக்குறையத் தெளிந்த கண்ணாடியே, பறவைக்கோ எச்சரிக்கை.

எனினும் இதனை முழுப் பரிகாரமென்று கொள்ளலாகாது. புறா, பருந்து முதலியவற்றின் நான்காவது கூம்பு ஊதாவுக்கே பெரிதும் இசைந்தது. அக்கோலம் அவற்றுக்கு மங்கலாகவே தெரியும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில், நமக்கும் தெரியும்படி புள்ளிகளோ கோடுகளோ இடுவதே எல்லாப் பறவைக்கும் பொதுவான காவல். அதனால் நமது காட்சியின் அழகு சிறிது குறையும். அவ்வளவே நாம் கொடுக்கவேண்டிய விலை.

உயிர்களிடத்து அன்பு வேண்டுமென்று மேடைதோறும் பேசுகின்றோம். புதிய வீடோ மண்டபமோ கட்டும்போது, நமக்குத் தெளிவாயிருப்பது பிறிதோர் உயிருக்கு எவ்வாறு தோன்றுமென்று ஒரு கணம் எண்ணுவோமாயின், அவ்வன்பு சொல்லளவில் நில்லாது செயலாகும்.