சாட்சியும் சான்றிதழும்

(ஒரகடத்தில் தொழிற்சாலை இளைஞர்களின் ஞாயிறு மாலைக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், சுருக்கமாகவே பேசுகிறேன். கிறித்தவ விசுவாசத்தை அன்றாடம் வாழ்வது, பகிர்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். நானும் காலனி சர்ச்சில் வளர்ந்த பிள்ளைதான். "சாட்சி சொல்ல வாருங்கள்" என்று கூப்பிட்டால் யார் எழுந்து போவார்கள் என்று சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். யாரால் எழ முடியாது என்பதை, ஆய்வுக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு தங்கை. பெயர் வேண்டாம். அசெம்பிளி லைனில் வேலை, விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பேர். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இருப்பது வேறொன்று. சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், தலையணைக்கு அடியில் சின்ன பைபிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில், மனிதர் முன்னால் இயேசுவை மறுதலிக்கிறவர்களைப் பற்றிப் பிரசங்கம். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. "அக்கா, நானும் மறுதலிக்கிறேனா?" என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று நான் பேசுவது அவளுக்கான பதில்தான்.

முதலில், அவளை மறைக்க வைத்தது யார்? 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் அல்ல என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் இஸ்லாமியரும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்கினால் சேரி தெருவிலிருந்து வீடு மாறிவிடுமா? டீக்கடைக்காரன் கண்ணில் சாதி மறைந்துவிடுமா? ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் போய்விடும்.

2024 நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாளில், செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண் அவர். ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து சர்ச்சுக்குப் போகிறவர் என்பதே அவருக்கு எதிரான ஆதாரமானது. ஆலயத்தில் எது சாட்சியோ, நீதிமன்றத்தில் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து "ஏன் வெளிப்படையாக அறிக்கையிடவில்லை?" என்று கேட்க எந்தப் போதகருக்கு உரிமை இருக்கிறது?

இரண்டாவது, அறிக்கையிடச் சொல்லும் திருச்சபை தானே எதை மறுதலிக்கிறது? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட போராட்டம் 2008 மார்ச்சில் வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் போய் நின்றது. ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறோம் என்கிறவர்கள், திருமணத் தகவல் பக்கத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறார்கள். மறுதலிப்பு என்றால் இதுதான்.

மூன்றாவது, அப்படியானால் சாட்சி எது? வெகுதூரம் போக வேண்டாம். இந்த ஸ்ரீபெரும்புதூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் கலெக்டர் டிரமென்கீர் எழுதிய அறிக்கைதான், 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது. அதே காலத்தில் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, சேரி மக்களின் நில மனுக்களுக்குத் துணை நின்றார். மிஷனரிகளின் எல்லா வேலையையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று நற்செய்தி ஒரு மனுவின் வடிவத்திலும் வந்தது என்பதை மறக்க வேண்டாம். நூறாண்டு கழித்து, 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும். இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறோம். சாட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது அந்தத் தங்கையிடம் வருகிறேன். அவர்கள் அறைக்குத் தென்மாவட்டத்திலிருந்து ஒரு புதுப் பெண் வந்தாள். பெட்டியை இறக்குவதற்குள் ஒருத்தி கேட்டாள்: "நீ ஊரா, காலனியா?" புதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நம்முடைய தங்கை கட்டிலிலிருந்து எழுந்து சொன்னாள்: "நான் காலனி. நீ எதுவாயிருந்தாலும் சரி, என் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. வா, சாப்பிடலாம்."

அறை முழுக்க அமைதி. அதுவரை அவள் யாரிடமும் தன் சாதியைச் சொன்னதில்லை. அன்று சொன்னதால் அவளோடு பேச்சை நிறுத்தியவர்களும் உண்டு.

இதைச் சேவை என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்தவர் அழுக்கைத் துவைப்பதும் பொறுத்துப் போவதும் நம் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சாதி கற்றுக்கொடுத்த பாடம். அதற்குப் பைபிள் தேவையில்லை. அவள் செய்தது வேறு. அவமானம் அடுத்தவள் மேல் விழ இருந்த நேரத்தில், தான் முன்னால் போய் நின்றாள். சிலுவை என்று நான் படித்ததும் அதைத்தான். நீ மறுதலிக்கவில்லை தங்கச்சி. அந்த அறையில் அறிக்கையிட்டவள் நீ ஒருத்திதான்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அண்ணலே 1956இல் நாக்பூரில் ஒரு தம்மத்தை ஏற்றவர்தான். அவரை மதிக்கிற நாம் "உனக்கு எதற்கு மதம்?" என்று கேட்டால், அவள் நம் கூட்டத்திலும் வாய்மூடித்தான் உட்காருவாள்.

சபை இளைஞர்களே, உங்களிடமும் கேட்கிறேன். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, அவர்களின் தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த முறை அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் ஆலயக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்குமா? 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லும் போராட்டத்தில் ஆயர்களோடு நீங்களும் நிற்பீர்களா? உங்கள் கல்யாணத்தில் சாதி கேட்காமல் இருப்பீர்களா? இதற்கு ஆம் என்றால் துண்டுப் பிரசுரம் கொடுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முதலில் அந்த எட்டுப் பேர் அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஜெய் பீம்.