மண்டிக்கடை ஊரில் ஒரு கர்ப்பத்தடைப் பேச்சு



பாலியல் அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுபோன இந்தியர்களில் முன்னோடி ரகுநாத் தோண்டோ கார்வே. பம்பாய் வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். இந்தப் பிரசாரத்தால் கல்லூரி வேலை போயிற்று. மனிதர் அசரவில்லை. 1927இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி, 1953இல் கண்ணை மூடும்வரை நடத்தினார். ஆபாசம் என்று 1934இல் வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது.

அதே காலத்தில் நம் ஈரோட்டிலும் இந்தப் பேச்சு கிளம்பியது. பேசியவர் டாக்டருக்குப் படித்தவரல்ல. மண்டி வியாபாரம் பார்த்த பெரியார் ஈ.வெ.ராமசாமி. 1925இல் தொடங்கிய 'குடிஅரசு' வார ஏட்டில் கர்ப்பத்தடையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். திம்பம் மலைக்கு அந்தப்பக்கம் மைசூர் சமஸ்தானமும் 1930இல் அரசுச் செலவிலேயே கருத்தடை நிலையங்களைத் திறந்தது.

ஆனால் பெரியார் சொன்ன காரணம் தனி. தாயின் உடம்பு கெடும், நாட்டில் வறுமை பெருகும், குடும்பச் சொத்து சிதறும் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும், பெண் சுதந்திரமாக வாழ வேண்டும், அதற்குத்தான் கர்ப்பத்தடை என்றார் அவர். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. சில பக்கங்கள்தான், படித்துப் பாருங்கள்.

கொங்கு நாடு கருத்தடையை ஏற்றுக்கொண்டது. ஒன்றோ இரண்டோ பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதில் கோவையும் ஈரோடும் தமிழ்நாட்டுக்கே முந்திக்கொண்டன. ஏன் என்று கேட்டால், "தோட்டங்காட்டைப் பங்கு போட்டா என்னங்க மிஞ்சும்?" என்பார்கள். பெரியார் ஒதுக்கிய காரணமே ஜெயித்தது என்பேன்.

சரி, அறுவைக் கத்தி யார்மேல் பட்டது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 100க்கு சுமார் 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். செய்துகொண்ட கணவன்மார் 100க்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

இத்தனைக்கும் ஆண்களுக்கான சிகிச்சைதான் சுலபம். நவீன முறையில் தையல் கிடையாது, அன்றைக்கே வீடு திரும்பலாம். முதல் மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். அரசு மருத்துவமனையில் செலவில்லை. இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பிமார்களே, வீட்டுக்காரம்மாவை அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒருதரம் போய் டாக்டரிடம் கேளுங்கள்.