யாருக்காகத் தைக்கிறோம்?

நம் தெருத் தையல்காரர் ஒரு பட்டுப்பாவாடை தைத்துக் கொடுக்கிறார். தீபாவளியன்று ஒரு சின்னப்பெண் அதைக் கட்டிக்கொண்டு அவர் கடை வாசலில் ஓடுகிறாள். அவருக்கு மனசு நிறைகிறது.

பெரிய ஆடைத் தொழிற்சாலையில் ஒருவர் நாள் முழுக்கச் சட்டைக் கையை மட்டும் தைக்கிறார். அந்தச் சட்டையை யார் போடுகிறார்? அவருக்குத் தெரியாது. உடம்பு ஓய்கிறது. மனசு நிறைவதில்லை. கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதைதான்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்கள் சிலர் இருந்தார்கள். சலிப்பான வேலை. "வேண்டாம்" என்று சொல்பவர்களே அதிகம். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படித்த மாணவர் ஒருவரை அவர்களில் சிலரிடம் அழைத்து வந்தார். சில நிமிடப் பேச்சு. அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து, அவர்கள் திரட்டிய பணம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 2007-இல் இந்த ஆய்வு வெளியானது.

சம்பளம் கூடவில்லை. வேலை மாறவில்லை. யாருக்காக உழைக்கிறோம் என்று தெரிந்தது.

நியாயமான கூலி முதலில் வேண்டும். அதோடு, உழைப்பின் பலனைக் கண்ணால் காண்பதும் வேண்டும். வேலை வாங்குபவர்களே, அதைக் காட்டுங்கள். வேலை செய்பவர்களே, இன்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்: என் வேலையால் யார் முகம் மலர்கிறது?