சிறு கணினிக்குத் தனி ஒலியட்டை தேவையா?
(லெம்பா பெர்த்தாமில் ஆற்றிய உரை)



தேயிலை மலையாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறு பெட்டிக் கணினி வாங்குவோர் நம்மிடையே உண்டு. அதனுடன் ஒலியட்டையும் வாங்க வேண்டுமா என்பதை, உழைத்துச் சேர்த்த வெள்ளியைச் செலவிடுமுன் நாம் சிந்தித்தல் நலம்.

தொடக்கக் காலக் கணினிகள் பலவற்றுக்கு வெறும் 'பீப்' ஓசைதான். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை உலகெங்கும் பரவியது. 1997-இல் இன்டெல் ஒலித்தரம் ஒன்றை வகுத்தபின், ஒலிச்சில்லு தாய்ப்பலகையிலேயே இடம்பெறலாயிற்று. பாடமும் பாட்டும் கேட்க இன்று அதுவே போதும். மிஞ்சும் பணத்தை நினைவகத்துக்குச் செலவிடலாம்.

எனினும், நெருக்கமான பெட்டிக்குள் மின் இரைச்சல் ஒலியில் கலக்கக்கூடும். எதையும் இயக்காமல், ஹெட்போனில் ஒலியளவைக் கூட்டிக் கேளுங்கள். 'உஸ்' என்ற இரைச்சல் மிகுந்தால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறு ஒலிக்கருவி பெரும்பாலும் அதைத் தீர்க்கும். மிகச் சிறிய பெட்டிகள் பலவற்றில் அட்டை செருக இடமே கிடையாது. வாங்குமுன் இதைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்! பிள்ளையின் குரல் ஆசிரியருக்குத் தெளிவாகக் கேட்கவில்லையெனில், முதலில் மைக்கை மாற்றிப் பாருங்கள்.