இரண்டு வெள்ளைத் துணிகள்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்றும் சொல்வார்கள். சுற்றிலும் பட்டுத்தறி, ஊரின் பெயரில் இருப்பதோ பருத்தி. நான் பேச வந்ததும் பருத்தித் துணியைப் பற்றித்தான், அதை அனுப்பியவர், வாங்கியவர் இருவரைப் பற்றியும். வேற்று நாட்டாரோடு நட்பு என்றாலே, 'அவர்களும் நம்மைப் போலத்தானே' என்று தொடங்கிவிடுகிறோம். நம்மைப் போல இல்லாதவரோடுதான் நட்பின் பலம் தெரியும் என்பது என் கட்சி.

சீனத் துறவி யுவான் சுவாங் ஏறத்தாழ 640-இல் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது தேவர் கோயில்கள் என்று எழுதிய அவர், நிர்க்கிரந்தர்களான சமணர்கள் ஏராளம் என்பதையும் விடவில்லை. இலங்கைக்குப் போவதே அவர் எண்ணம். அதற்குள் இலங்கையிலிருந்து சுமார் முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்றார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் யோக நூல்களைப் பற்றிக் கேட்டார். நாலந்தாவில் சீலபத்திரரிடம் கற்றதைத் தாண்டி அவர்களிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை என்கிறது அவருடைய வரலாறு. ஒரே மதம், இரு தரப்புமே ஊருக்குப் புதியவர்கள். பேசினார்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு நட்பு முளைத்ததாக அந்த நூலில் ஒரு வரி இல்லை.

நட்பு முளைத்தது சண்டை போட்ட இடத்தில். மகாபோதி மடத்துப் பிரக்ஞாதேவர் யுவான் சுவாங்குக்கு எதிர்ப்பிரிவைச் சேர்ந்தவர். கன்னோசிச் சபையில் இருவரும் காரசாரமாக வாதிட்டார்கள். யுவான் சுவாங் ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து, 652-இல், பிரக்ஞாதேவரின் கடிதம் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிகள். தூரம் அதிகம், பொருள் கொஞ்சம், தவறாக எண்ணவேண்டாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு. 654-இல் யுவான் சுவாங் பதில் எழுதினார். சபையில் பேச்சு தடித்துப் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால் வாதத்தில் ஓர் அங்குலமும் இறங்கவில்லை; உங்கள் பிரிவை விட்டுவாருங்கள் என்று அதே கடிதத்தில் அழைக்கவும் செய்தார்! மன்னிப்பும் பிடிவாதமும் ஒரே உறையில். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இருவரும் சமஸ்கிருதம் அறிந்த பண்டிதர்கள், புத்தர் என்ற பொதுப்பெயரும் இருந்தது, சாமானியருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுவாக ஏதோ ஒன்று வேண்டும்தான். ஆனால் அது நம்பிக்கையாகவே இருக்க வேண்டியதில்லை, வேலையாகவும் இருக்கலாம். 1368-இல் சமணர்கள் வைணவர்கள்மீது முறையிட, விஜயநகரத்துப் புக்கர் சமணர் கையை எடுத்து வைணவர் கையில் வைத்தார் என்கிறது சிரவணபெளகொளக் கல்வெட்டு. அந்த வைணவர் வரிசையில் காஞ்சிப் பெருமாள் கோயிலாரும் உண்டு. அரசர் கையைப் பிடித்து வைத்துவிட்டால் மனம் ஒட்டிவிடுமா? ஒட்டாது. கல்வெட்டும் அதோடு நிற்கவில்லை. சமணர் வீட்டுக்கு ஒரு பணம் தருவது. திருமலைத் தாதையர் அதை வாங்கிப் பெளகொளக் கோயிலுக்கு இருபது காவலரை வைப்பது. மிச்சத்தில் இடிந்த சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. எதிராளியின் சாமிக்குக் காவல் போடும் பொறுப்பு ஒரு வைணவர் தலையில்! அன்பை ஆணையிட முடியாது. அடுத்த ஆண்டும் சந்தித்துக் கணக்குச் சொல்லும்படி செய்யலாம். இதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே அரசின் சமணத் தளபதி இருகப்பர், திருப்பருத்திக்குன்றக் கோயிலில் சங்கீத மண்டபம் கட்டினார்.

யுவான் சுவாங்கும் அன்பை வார்த்தையோடு விடவில்லை. பிரக்ஞாதேவருக்குப் பதில் எழுதிய அதே சமயம், இந்தியத் துறவி ஞானபிரபருக்கு எழுதிய கடிதத்தில், சிந்து நதியைக் கடக்கும்போது ஒரு சுமை ஏடுகள் தண்ணீரில் போய்விட்டன என்று சொல்லி, தொலைந்தவற்றின் பட்டியலையும் இணைத்திருந்தார். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள்.