சில சமயம் மட்டும் வரும் கோளாறு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறேன். என் வகுப்பு நண்பர் ஒருவர் இன்னும் அம்பாசடர் வைத்திருக்கிறார். பாயிண்ட், கண்டன்சர் உள்ள பெட்ரோல் வண்டி. உத்தர்பாராவில் அந்தக் காரின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. "ஏம்ப்பா, வித்துத் தொலைக்க வேண்டியதுதானே" என்று கேட்டால், அவர் அம்மாவுக்கு அதில்தான் ஏறி இறங்கத் தோதாக இருக்கிறதாம். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அதில்தான் போகிறார்கள்.

அந்த வண்டி நடுரோட்டில் ஒரு குலுக்குக் குலுக்கும். சில சமயம் சுத்தமாக நின்றுபோகும். பின்னால் லாரி வரும்போது இப்படி நின்றால் என்ன ஆகும்! சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். காயில், கண்டன்சர், பிளக், பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒழுங்காக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நிற்கிற கதைதான்.

இந்த மாதிரிக் கோளாறில் முதல் கருவி மீட்டர் இல்லை, நோட்டுப் புத்தகம். எப்போது நின்றது, ஏற்றமா சமதரையா, கால் ஆக்சிலரேட்டரில் எவ்வளவு அழுத்தியிருந்தது என்று எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது தொந்தரவு இல்லை. முழுசாக அழுத்தி மேம்பாலம் ஏறும்போதும் இல்லை. சமதரையில், லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போதுதான்.

அந்த நிலையில்தான் கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்புகிறது. ஐடிலில் அந்த இழுப்பு இல்லை, ஒர்க்‌ஷாப்பில் அகப்படாமல் போனதும் அதனால்தான்.

பன்னிரண்டு வோல்ட் சின்ன பல்பு ஒன்றை எடுத்தோம். ஒரு வயரைக் காயிலில் பாயிண்ட் பக்கத்து முனையிலும், இன்னொன்றை எர்த்திலும் கொடுத்தோம். பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைக் கையால் திருப்பி வைத்து, சாவி ஆன். கரண்ட் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போய்விடும், பல்பு எரியாது. எரியவில்லை. பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி நண்பர் வாயால் உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது, பல்பு பளிச்சென்று எரிந்தது! விட்டார், அணைந்தது. (சாவியை அப்படியே ஆனில் வைத்து மறந்துவிடாதீர்கள், காயில் சூடேறிவிடும்.)

பாயிண்டுக்குப் போகும் அந்த இரண்டு அங்குல வயர், தட்டோடு சேர்ந்து ஆடி ஆடி, மேலுறைக்குள்ளேயே செம்பு இழைகள் அறுந்திருந்தன. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி. அசையாமல் இருக்கும்போது ஓம்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு மீட்டர் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் மாணவர்களுக்கு. எர்த் பட்டையில் 0.02 ஓம் இருந்தால் சாதாரண மீட்டரில் பிடிபடாது. ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தால் அங்கேயே 3 வோல்ட் போய்விடும். ஆகவே ஓடும்போது அளக்க வேண்டும்: பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

நண்பரின் வண்டிக்கு நிறைய மெல்லிய இழைகள் உள்ள, நன்றாக வளையும் வயராகப் பார்த்துப் போட்டோம். கெட்டியான வீட்டு வயரைப் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி அறுந்துவிடும். அறுந்த பழைய வயரையும் பல்பையும் வெளியே மேஜையில் வைத்திருக்கிறேன். தம்பிகள், தங்கைகள் யார் வேண்டுமானாலும் வளைத்துப் பார்க்கலாம்.