என் நாவலில் வரும் நான்கு பெண்கள்
(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், சிம்பாங் அம்பாட்டில் நிகழ்த்திய உரை)





நான் எழுதிவரும் நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கதை முழுவதையும் இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் புத்தகம் வாங்க மாட்டீர்கள்! எனவே அதில் வரும் பெண்களை மட்டும் அறிமுகம் செய்கிறேன். சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. என் நாவலில் சந்திப்பவர்களும் நான்கு பேர்தாம்.

பினாங்கில் நம்மவர் வரலாற்றை எப்படிச் சொல்கிறோம்? 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவின் நாகூர் தர்கா, தோளில் காவடி சுமந்து நாசி கண்டார் விற்றவர்கள், நாணயமாற்று வணிகர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதையில் பெண்களைத் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்தில் நம் பெண்கள் பின்தங்கியவர்கள் அல்லர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை 1938-இலேயே வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை தந்தார். 2004-இல் சல்மா 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ஒரு சிற்றூர் முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போனார். அவர்கள் திறந்த வாசலில் நின்றுகொண்டு, கடலின் இரு கரையிலும் இருந்த பெண்களை நான் எழுத முயல்கிறேன்.

முதலாமவர் இராமநாதபுரம் கடலோரத்து ஊர்க்காரர். கணவர் சபுராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். இடையில் ஒரே ஒரு முறை ஊர் போய்த் திரும்பினார். ஒரு மகன் பிறந்தான். 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டபோது தெருவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர். தபாலும் கப்பலும் நின்றுபோயின. மனைவிக்குச் சேதி போய்ச் சேர்ந்தது 1946-இல். அதுவரை அவர் சுமங்கலியாகவே பூ வைத்தார், கல்யாண வீடுகளுக்குப் போனார், கணவர் வரவுக்காகத் துஆ கேட்டார்.

இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள் கணக்கு, மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. சேதி வந்த நாள் கணக்கில் இல்லை. ஆகவே அவருடைய இத்தா அவருக்குத் தெரியாமலேயே முடிந்து நான்கு வருடமாகிவிட்டது. ஆலிம்சா இதை அன்போடுதான் எடுத்துச் சொல்கிறார். அந்தப் பெண் கேட்கிறார்: "அப்போ நான் இனிமே அழுவுறது எந்தக் கணக்குல அஜரத்து?" இந்தக் கேள்விக்காகத்தான் நான் நாவலையே எழுதத் தொடங்கினேன்.

இரண்டாமவர் அதே மனிதரின் பினாங்கு மனைவி. ஜாவி பெக்கான் குடும்பத்துப் பெண். ஊரில் ஒருத்தி இருப்பது இவருக்குத் தெரியும். ஊரில் உள்ளவருக்கு இவரைத் தெரியாது. மரணச் சேதியை எழுதுபவர் இவர்தான். இவருக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்துத் தெரியாது. ஊர்ப் பெண்ணும் தமிழ் எழுத்துப் படித்தவர் அல்லர். ஆனால் இவர் ஜாவி எழுதுவார், அவர் அரபுத்தமிழ் வாசிப்பார். இரண்டுக்கும் அடிப்படை அரபு எழுத்துத்தானே! அந்த எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்புகிறார். வீட்டு ஆண்கள் யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல், ஊர்ப் பெண் தானே கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்.

அந்தக் கடிதத்தில் சொத்துப் பேச்சும் உண்டு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மனைவியர் இருவரானால் அந்த எட்டில் ஒன்றை இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முகம் பார்த்தறியாத இருவரை மார்க்கம் ஒரே வரியில் உட்கார வைத்திருக்கிறது. அவர்கள் அதை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பது கதை.

மூன்றாமவர் கடையநல்லூர்க்காரர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து பலர் குடும்பத்தோடு வந்தார்கள். பெண்களும் உழைத்தார்கள். இவர் அம்மியில் மசாலா அரைத்து விற்பவர். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது மரவள்ளிக்கிழங்கு அவித்து, தன் பிள்ளைகளோடு அந்த இளம் விதவைக்கும் குழந்தைக்கும் பசியாற்றுகிறார். அவர் பேச்சில் சிரிப்பு நிறைய வரும். அழுகை ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

நான்காமவர் அந்தப் பினாங்கு மனைவியின் பேத்தி. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தபின் நம் வீட்டுப் பெண்களும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர். பாலம் 1985-இல்தான் வந்தது. அதற்கு முன் பெருநிலத்திலிருந்து விடியுமுன் பெரி ஏறிப் போகிறார். பாட்டியின் பெட்டியில் ஊரிலிருந்து வந்த பதில் கடிதம் கிடைக்கிறது. பிற்பகல் சமயப் பள்ளியில் ஜாவி படித்தவர் என்பதால் மலாய் என்று நினைத்து வாசிக்கிறார். ஒன்றும் புரியவில்லை. சில எழுத்துகள் வேறு இடறுகின்றன. மெல்ல மெல்லச் சத்தமாக வாசிக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த மசாலாப் பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏளா, அது தமிழுல்லா!" என்கிறார். கடிதத்தில் என்ன இருந்தது? இன்ஷா அல்லாஹ், புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

நால்வருக்கும் நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. கணக்குப் புத்தகத்திலும் சங்கப் பதிவேட்டிலும் ஆண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. பெண்களோ பெரும்பாலும் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாயார்' என்றே வருகிறார்கள். உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியின் பெயரையும், அவருடைய தாயாரின் பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஊர், கப்பல், வந்த வருடம் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்தத் தாள்கள் சங்கத்தில் பத்திரமாக இருக்கட்டும். நீங்கள் சம்மதித்தால் என் நான்கு பெண்களுக்கும் அவற்றிலிருந்தே பெயர் எடுத்துக்கொள்கிறேன்.